கடலில்லாத ஊரில் ஒரு போட் இன்ஜின்

திருக்கனூரில் இருந்துகொண்டு கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி 20 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நடுவில் வழுதாவூர் வந்து, "இது தமிழ்நாடு" என்று சொல்லிவிட்டுப் போகும். பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல் பிரித்துக்கொண்ட ஊர்கள் இவை. அந்தக் கலைப்பில் எங்களுக்குக் கரும்பு வந்தது, நெல் வந்தது. கடல் வரவில்லை.

அப்பேர்ப்பட்ட ஊரில் என் மாட்டுக் கொட்டகையில் ஒரு போட் இன்ஜின் இருக்கிறது. போட் இல்லை. யானை வாங்க வக்கில்லாதவன் அங்குசம் வாங்கி வந்த கதை என்பாள் அம்மா.

எல்லாவற்றுக்கும் காரணம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறி, ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் கொட்டிவிட்டது. வீடூர் அணையைத் திறந்தார்கள். வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற சங்கராபரணி ஆறு, ஆறென்றால் என்னவென்று காட்டிவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்த பிறகு என் மச்சினன் வந்தான். "மாமா, அடுத்த தடவ வெள்ளம் வந்தா நாம யாரையும் எதிர்பாக்கக் கூடாது" என்றான். அவன் எதையாவது "நாம" என்று ஆரம்பித்தால் பணம் என்னுடையது என்று அர்த்தம்.

கடற்கரையில் ஒருவர் லாங் டெயில் டீசல் இன்ஜினுக்கு மாறிப் பல வருஷமாகி, பழைய பெட்ரோல் இன்ஜினை மூலையில் போட்டு வைத்திருந்தார். படகின் பின்பலகையில் மாட்டுகிற ஜப்பான் சரக்கு. பெயர் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் மிச்சம். "நல்லா ஓடிக்கினு இருந்த இன்ஜின்பா" என்றார். 'இருந்த' என்பது இறந்தகாலம் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கும்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த வகை இன்ஜினுக்குப் பின்னால் ஒரு காதல் கதை உண்டு. அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்று ஒரு நார்வேக்காரர். 1906-இல் ஒரு கோடை நாளில், ஏரிக்கு உல்லாசமாகப் போன இடத்தில், பெஸ்ஸி என்ற பெண் ஐஸ்கிரீம் கேட்டாளாம். இவர் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கி வருவதற்குள் உருகிவிட்டது. அந்த ஆத்திரத்தில் யோசித்து, 1909-இல் ஒன்றரைக் குதிரைசக்தி இன்ஜினை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். பெஸ்ஸியையும் கட்டிக்கொண்டார். இதை என் மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன். "அந்தம்மா ஐஸ்கிரீமாவது கேட்டாங்க. நான் இன்னா கேட்டேன்?" என்றாள்.

முதல் நாள். இந்த இன்ஜினைத் தண்ணீரில்லாமல் ஓட்டக் கூடாது. அடியில் இருக்கிற ரப்பர் இம்பெல்லர்தான் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி இன்ஜினைக் குளிர்விக்கிறது. காய்ந்தால் அது கருகிவிடும். ஆகவே கொட்டகைத் தூண்களில் ஒரு பலகையை அறைந்து இன்ஜினை மாட்டி, கீழே 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினோம். மச்சினன் சோக் குமிழை இழுத்தான். குமிழ் கையோடு வந்துவிட்டது. உள்ளே நின்ற கம்பியை இடுக்கியால் பிடித்து இழுத்துக்கொண்டோம். பிறகு கயிறு. நான் 20 தடவை, அவன் 30 தடவை, பால் ஊற்ற வந்த பையன் 5 தடவை. இன்ஜின் ஒரு தடவை தும்மியதாக அவன் சொன்னான். தும்மியது மாடு.

மறுநாள் சேதி பரவிவிட்டது. வில்லியனூர்த் தேரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னரே வடம் பிடித்து இழுத்தார். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். அந்த அந்தஸ்து என் கொட்டகைக் கயிற்றுக்கும் வந்துவிட்டது. தெருவில் கை இருக்கிறவர்கள் எல்லோரும் வந்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். வில்லியனூரில் தேராவது நகரும்.

இழுத்தவர்கள் சும்மா போகவில்லை. ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். கரும்புத் தோட்டத்தில் ஆயில் இன்ஜின் வைத்திருக்கிற பெரியப்பா, "ஏர் லாக்குடா, ஊதி எடு" என்றார். காகிதக்கூழ் பொம்மை செய்கிற அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து, "ஓடலன்னா கவலப்படாத, அச்சு எடுத்து நவராத்திரிக்கு வித்துடலாம்" என்றார். புவிசார் குறியீடு வாங்கிய கைத்தொழில் அது. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஸ்கூட்டர் மெக்கானிக் வந்தார். டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ரோட்டை விட்டுப் போன பிறகு பேச ஆளில்லாமல் இருந்தவர். இன்ஜினைப் பார்த்ததும் பழைய நண்பனைக் கண்டதுபோல் முகம் மலர்ந்து, "சாச்சுப் பாத்தீங்களா?" என்றார். பஜாஜ் ஸ்கூட்டரைச் சாய்த்து ஸ்டார்ட் பண்ணிய தலைமுறைக்கு அதுதான் முதலுதவி. தூணையும் சேர்த்துச் சாய்த்தால்தான் இதைச் சாய்க்க முடியும் என்பதால் விட்டுவிட்டோம்.

அவர் வேலையில் சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் டேங்க். டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே டியூபில் பலூன் மாதிரி ஒரு ரப்பர் பல்பு இருக்கும். கெட்டிப்படும்வரை அதை அமுக்கி அமுக்கிப் பெட்ரோலை ஏற்ற வேண்டும். எங்கள் பல்பு நேர்மாறாக, அமுக்க அமுக்க வற்றிய மாங்காய்போல் ஒட்டிக்கொண்டது. டேங்க் மூடியில் காற்றுப் போவதற்கு ஒரு சின்னத் திருகு உண்டு. அதை யாரும் திறக்கவேயில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கச் சொன்ன மாதிரி இரண்டு நாளாக இன்ஜினை வதைத்திருக்கிறோம். திருகைத் திறந்ததும் டேங்க் பெருமூச்சு விட்டது. மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த என் மனைவி அதைக் கவனித்தாள்.

அடுத்து பெட்ரோலை மோந்து பார்த்தார். மூணு வருஷப் பழசு. பழசாக ஆக மவுசு கூடுகிற சரக்கு புதுச்சேரி மாநிலத்தில் உண்டு. பெட்ரோல் அந்த ஜாதி இல்லை. கார்புரேட்டரைக் கழற்றினால் ஜெட்டின் ஊசித்துளையை மஞ்சள் பிசின் அடைத்திருந்தது. பக்கத்துத் திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடக்கிறது, 2 கோடி வருஷம் ஆயிற்றாம். பெட்ரோலுக்கு 3 வருஷமே போதும் போலிருக்கிறது. எல்லாவற்றையும் கழுவி, புதுப் பெட்ரோல் வாங்கி, லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றி, சாம்பிராணி போட்டு, எலுமிச்சம்பழம் சுற்றி இழுத்தோம்.

ஊஹூம்.

பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் நனைந்திருந்தது. "வயித்துக்குச் சாப்பாடு போவுது. நெருப்புதான் இல்ல" என்றார். பிளக்கை இன்ஜின் உடம்பில் ஒட்டிப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். பொறி இல்லை. புது பிளக். பொறி இல்லை. "காயில் போயிடுச்சி" என்று அறிவித்தார். விழுப்புரம், புதுச்சேரி என்று மச்சினன் இரண்டு நாள் அலைந்து ஒரு காயில் வாங்கி வந்தான். அதன் விலையை மனைவியிடம் பாதியாகச் சொன்னேன். பாதிக்கே அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை.

புதுக் காயிலுக்கும் பொறி வரவில்லை.

ஐந்தாம் நாள் சொல்தா தாத்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பென்ஷனோடு வில்லியனூரில் மகள் வீட்டில் இருக்கிறவர். எங்கள் தெருவுக்கு ஒரு காதுகுத்துக்கு வந்திருந்தார். கூட்டத்தை விலக்கி, இன்ஜினை முன்னும் பின்னும் பார்த்து, ஒரு சிவப்புப் பொத்தானை விரலால் தொட்டார்.

"இதுல மாட்டுற கிளிப் எங்கப்பா?"

படகிலிருந்து ஆள் தவறி விழுந்தால் இன்ஜின் தானே நிற்க வேண்டும். அதற்காக ஒரு கயிற்றை இடுப்பில் கட்டி, அதன் முனையிலுள்ள கிளிப்பை இந்தப் பொத்தானுக்கு அடியில் செருகி வைப்பார்கள். ஆள் விழுந்தால் கிளிப் உருவிக்கொள்ளும், பொத்தான் உள்ளே போகும், பொறி அடங்கும். எங்கள் இன்ஜினில் கிளிப்பே இல்லை. அதாவது அதன் கணக்கில் நாங்கள் ஐந்து நாளாகத் தண்ணீரில் விழுந்து கிடக்கிறோம்.

மெக்கானிக் வேறு பக்கம் பார்த்தார். ஸ்கூட்டரில் ஏது கிளிப்?

"கிளிப் இல்லன்னா பொத்தான வெளிய இழுத்து, கீழ நூலு சுத்துங்க, போதும்" என்று சொல்லிவிட்டுத் தாத்தா சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார். நான் நைலான் நரம்பு எடுத்தேன். ஐந்து நாள் கோபம் கையில் இருந்தது. பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, மாடு கட்டுகிற முடிச்சு மூன்று போட்டேன். இடுக்கியால் சோக்கை இழுத்தான் மச்சினன். கயிற்றை நான் இழுத்தேன்.

கிளம்பிவிட்டது!

நீலப்புகை கொட்டகையை நிறைத்தது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. சந்தோஷத்தில் யாரோ கியர் தண்டைத் தட்டிவிட்டார்கள். டிரம்முக்குள் விசிறி சுற்றி, 200 லிட்டரும் கூரைக்கும் கொடியில் காய்ந்த துணிக்கும் அம்மாவுக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது. "நிறுத்துங்க, இம்பெல்லர் கருவிடும்!" என்று மெக்கானிக் கத்தினார். பொத்தானை அமுக்கினேன். பன்னிரண்டு சுற்று; அசையவில்லை. முடிச்சைப் பிடுங்கினேன், இறுகியது. சோக்கை இழுத்து அமத்தலாமென்றால் இடுக்கி டிரம்முக்குள் விழுந்திருந்தது. அங்கே கைவிட அந்த நேரத்தில் ஒருவருக்கும் தைரியமில்லை.

என் மனைவி தவிட்டுக் கையோடு வந்தாள். டேங்கிலிருந்து டியூபைப் பிடுங்கினாள். மூடியின் திருகையும் மறக்காமல் மூடினாள். கார்புரேட்டரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடிக்கும் வரை இன்ஜின் ஓடி, கடைசியில் ஒரு முறை உயரக் கத்திவிட்டு அடங்கியது.

யாரும் பேசவில்லை. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் காதுகுத்து வீட்டிலிருந்து வெற்றிலை மென்றபடி பெரியப்பா உள்ளே வந்தார்.

"கிளம்பிடுச்சாமே? நான் பாக்கலடா. இன்னொரு தபா இழு."