கெளம்புதேன் மைனி: விடைபெறு படலம் குறித்து ஓர் ஆய்வு

சங்ககாலப் பிரிவைப் பற்றித் தமிழ் ஆய்வுலகம் எழுதிக் குவித்துவிட்டது. தலைவன் பொருள் தேடிப் பாலை கடந்ததை வைத்து எத்தனையோ பேர் முனைவராகிவிட்டார்கள். ஆனால் திருநெல்வேலி டவுனிலிருந்து பேட்டைக்கு என் ஆச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்புவது பற்றி இதுவரை யாரும் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. பஸ் ஏறினால் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுகிற பயணம் அது. பஸ் ஏறுவதுதான் பிரச்சினை.

முதலில் வரையறை. ஆச்சி “சரி மைனி, கெளம்புதேன்” என்று சொல்லும் கணத்துக்கும், அவள் செருப்பு தெருவில் படும் கணத்துக்கும் இடைப்பட்ட காலத்தையே இக்கட்டுரை ‘விடைபெறு படலம்’ எனச் சுட்டுகிறது. அதற்கு முன் நடப்பது வெறும் வருகை. வருகையில் ஆராய எதுவும் இல்லை. போவாள், உட்காருவாள், காப்பி வரும். “வெயில் என்னமா அடிக்கி” என்பாள். மைனி “ஆமா” என்பாள். அதற்குப் பிறகு இருவரும் ஆளுக்கொரு விசிறியோடு அரைமணி நேரம் சும்மா இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆச்சி எழுந்து முந்தானையை உதறிய பிறகுதான் பேச்சு என்ற ஒன்றே தொடங்கும்.

மைனி உறவுமுறையில் மைனி அல்ல. ஒரே வளவில் இருபது வருஷம் அடுத்தடுத்துக் குடியிருந்ததில் ஏற்பட்ட மைனி. மைனி இரண்டு வயது மூத்தவள் என்பதால் ‘ஏட்டி’ போடும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. ஆய்வாளரோ, ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகக் கூட்டிவரப் பணிக்கப்பட்ட பேரன். மானிடவியலார் பங்கேற்று நோக்கல் என்று சொல்லும் முறையை ஒன்பது வயதிலேயே, விருப்பமில்லாமல், மேற்கொண்டவர். ஆய்வுக் கருவிகள்: கைக்கடிகாரம் ஒன்று, கையில் கனக்கும் பை ஒன்று.

இலக்கணத்திலிருந்து தொடங்குவதே முறை. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கில் வரவும் தரவும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுக்கிறது. ஆச்சி ‘போறேன்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘வாரேன்’ என்பாள். போகிறபோது ‘வாரேன்’ என்பது வழுவல்லவா என்று கேட்கலாம். வழுவே இல்லை. எதிரே நிற்கும் முன்னிலையாளை நோக்கித் திரும்பி வரப்போவதையே அவள் சொல்கிறாள். இன்னும் போகவே இல்லை என்பது வேறு விஷயம்.

பொருளதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. பிரியக் கிளம்பிய தலைவன் தயங்கி நிற்பதற்குச் செலவழுங்குதல் என்று பெயர். அப்படி நிற்பது போகாமல் இருந்துவிடுவதற்கு அல்ல, தலைவியைத் தேற்றி உடன்படச் செய்வதற்கான தாமதம்தான் என்று கற்பியல் விளக்குகிறது. ஆச்சியின் தாமதத்தை இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. உரையாசிரியர்கள் ஓரிடத்தில் மட்டும் கோட்டைவிட்டார்கள். அழுங்குகிறவரின் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவனைப் பற்றி அவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

அடுத்தது இடம். டவுன் வீடுகளில் பட்டாசல், தார்சா, நடை, வாசப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆச்சி ஒவ்வோரிடத்திலும் ஒருமுறை “வாரேன்” சொல்லி நிற்பாள். பட்டாசலில் ஊர்ச்செய்தி: ஆனித் தேர் இந்த வருஷம் எங்கே கொஞ்சநேரம் நின்றுபோனது, யார் வீட்டுக் கல்யாணத்தில் சொதி தண்ணியாக இருந்தது. தார்சாவில் உடம்பு: முட்டுவலி, சர்க்கரை, புது மாத்திரையின் நிறம். நடைக்கு வந்தால் பணங்காசு. வாசப்படியில்தான் சாரம். அங்கே இருவர் குரலும் சட்டென்று இறங்கிவிடும். தெருவே கேட்கிற இடத்துக்கு வந்து எதற்கு இரகசியம் பேசுகிறார்கள் என்று பல வருஷம் குழம்பியிருக்கிறேன். மருமகள் இருப்பது வீட்டுக்குள்ளே என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

பஞ்சாங்கத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு வரை. ஆச்சி நாலு இருபதுக்கு எழுவாள். பட்டாசலைக் கடப்பதற்குள் நாலரை. “ராவுகாலத்துல படியிறங்குவியாக்கும்? இருட்டி” என்று மைனி கையைப் பிடிப்பாள். ஆறு மணிக்கு ராகுகாலம் முடிந்தால் விளக்கேற்றும் நேரம். விளக்கேற்றும்போது வீட்டைவிட்டு யாராவது போவார்களா? விளக்கேற்றி, திருநீறு பூசி எழுந்தால் நாட்காட்டித் தாள் இன்னொன்று சொல்லும்: ஞாயிறு மேற்கே சூலம், பரிகாரம் வெல்லம். பேட்டை டவுனுக்கு மேற்கே இருக்கிறது. சூலம் பார்க்கிற அளவுக்கு அது ஒரு பயணமா என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். “சின்னப்பய” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வெல்லம் எடுக்க அடுக்களைக்குப் போகவேண்டும். போனால் வெல்ல டப்பாவுக்குப் பின்னால் போன வாரத்து அதிரசம் இருக்கும். அதிரசத்துக்குப் பாகு எந்தப் பதத்தில் இறக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. சனிக்கிழமை கிளம்பினால் இந்தத் தொல்லை இல்லையே என்று வாசகர் நினைக்கக்கூடும். எனக்கும் தோன்றியது. ஆச்சி ஞாயிற்றுக்கிழமையைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே இவ்வாய்வின் துணிபு.

பொருளாதாரக் காரணி ஒன்றும் உண்டு. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. இதனால் பெண்கள் வேலைக்குப் போவது, மிச்சம் பிடிப்பது பற்றியெல்லாம் நிறையப் பேசினார்கள். விடைபெறு படலத்தின் மீது அது செலுத்திய தாக்கத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. அதற்கு முன்னாலெல்லாம் டிக்கெட் காசை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் ஆச்சி, முடிச்சைத் தொட்டுப் பார்த்ததும் கொஞ்சம் அவசரப்படுவாள். இப்போது முடிச்சும் இல்லை, அவசரமும் இல்லை. “இந்த பஸ் போனா அடுத்தது, அதும் ஓசிதான” என்பாள். எனக்கு மட்டும் டிக்கெட் உண்டு.

இனி தூக்கு. தூக்குச்சட்டியை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது இருவரும் ஒப்புக்கொண்ட சட்டம். ஆச்சி எள்ளுத் துவையல் கொண்டுபோவாள். அதே தூக்கில் மைனி முருங்கைக்கீரையோ நாரத்தங்காய் ஊறுகாயோ போட்டுத் தருவாள். தருவது, பெறுவது, திருப்பித் தருவது என மூன்று கடமைகளும் மனிதரை ஒன்றாகக் கட்டிவைக்கின்றன என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்சல் மோஸ் 1925இல் எழுதினார். அவர் சான்றுகளைப் பாலினீசியத் தீவுகளிலெல்லாம் தேடிப்பிடித்தார். மேலரத வீதிக்குப் பின்னாலுள்ள இந்த வளவிலேயே அது வாரம் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. தூக்கு முதலில் யாருடையது என்று ஒருநாள் விசாரித்தேன். ஆச்சி மைனியுடையது என்றாள். மைனி, “உங்க ஆச்சியுதுல்லா” என்றாள். அடியில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். தேய்ந்திருந்தது.

தொலைபேசியில் நடக்கும் விடைபெறல் தனி ஆய்வுக்குரியது. “வைக்கேன்” என்ற சொல் அங்கே முற்றுப்புள்ளி அல்ல, காற்புள்ளி என்று மட்டும் குறித்துவிட்டு நகர்கிறேன்.

எந்த விதிக்கும் புறனடை உண்டு. இதற்கும் உண்டு. துக்க வீட்டில் ‘வாரேன்’ சொல்லக் கூடாது, சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்பவேண்டும். மைனி போன அன்று ஆச்சி அந்தப் பட்டாசலில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். தார்சா, நடை, வாசப்படி எங்கேயும் நிற்கவில்லை. ஆய்வாளர் குவியலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் தெருமுனைக்குப் போய்விட்டாள்.

தரவு தரும் வீடு இல்லாமல் போனதால் குறிப்பேட்டை மூடிவைத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சி, “அவ தூக்கு நம்ம வீட்டுலயே கிடக்கு” என்றாள். ‘அவ தூக்கு’ என்று அடித்துச் சொன்னாள். எள்ளுத் துவையல் அரைத்தாள்.

மருமகள் காப்பி கொடுத்தாள். “வெயில் என்னமா அடிக்கி” என்றாள் ஆச்சி. அவளும் “ஆமாத்தை” என்றாள். நாலு இருபதுக்கு ஆச்சி எழுந்து, “சரிட்டி, கெளம்புதேன்” என்றாள். தூக்கைக் கழுவி, கருவேப்பிலையும் இரண்டு எலுமிச்சம்பழமும் போட்டு எடுத்துக்கொண்டு மருமகள் பின்னாலேயே வந்தாள். பட்டாசலிலும் தார்சாவிலும் நிற்காமல் நேராக வாசப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். வீட்டுக்குள் கேட்பதற்கு யாரும் இல்லை. ஆனாலும் தாழ்த்தினாள்.

ஆச்சி ஒரு காலைப் படியில் வைத்தாள்.

“அத்தை, நாலரை ஆயிட்டே. ராவுகாலம்லா” என்றாள் அவள்.

நான் பையைக் கீழே வைத்தேன்.