எதிர்ச்சலுகை தராமலே ஆளை நிறுத்திவைக்கும் முறை: போனக்காட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேலையை விடுகிறேன் என்று கடிதம் நீட்டுபவரிடம், "இருங்க, கூட்டித் தர்றோம்" என்று முதலாளி இறங்கி வருவதே எதிர்ச்சலுகை. அதை ஏற்கலாமா கூடாதா என்று மெத்தப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பைசா கூட்டாமல், உள்ளதையும் கொடுக்காமல் ஆளை நிறுத்திவைக்கலாம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

களம்

ஆளை நிறுத்திவைப்பதில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இரு சிந்தனைப் பள்ளிகள் உள்ளன. 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் முதலாவது. அங்கே வேறு கம்பெனியின் ஆஃபர் லெட்டரைக் காட்டினால் சம்பளம் ஏறக்கூடும். விதுராவைத் தாண்டி மலைமேல் இருக்கும் போனக்காடு இரண்டாவது. வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறித்தவர்களில் தமிழர் ஏராளம். தோட்டம் நொடித்தது, ஆலை நின்றது, கூலியும் கிராஜுவிட்டியும் பாக்கி விழுந்தன. ஆனாலும் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் ஆள் இருந்தது. ஆய்வுக்குரிய புதிர் இதுதான்.

முன்னாய்வு

இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. ஆள் திரட்டும் கங்காணியும் அவர் ஆட்களும் வாங்கிய முன்பணத்தைக் குறித்து, "இதைக் கட்டினால் ஆட்களை விடுவிப்போம்" என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு அது. கங்காணி அதை வேறு தோட்டங்களில் காட்டுவார். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் துரை கடனைக் கட்டி, மேற்கொண்டும் முன்பணம் கொடுத்து அழைத்துக்கொள்வார். போட்டியில் தொகை ஏறும். ஏறியது கூலி அல்ல, தொழிலாளியின் கடன். 1921-இல் சட்டம் இதை ஒழித்தது.

கண்டறிதல்

இலங்கையில் தொழிலாளி முதலாளிக்குக் கடன்பட்டிருந்தார். போனக்காட்டில் முதலாளி தொழிலாளிக்குக் கடன்பட்டிருக்கிறார். முடிவு இரண்டிலும் ஒன்றே: கடன் தீராமல் ஆள் நகர முடிவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். 1972-இன் கிராஜுவிட்டிச் சட்டம் வகுத்த கணக்குப்படி, ஓராண்டுப் பணிக்கு 15 நாள் கூலி. அதை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 30 ஆண்டு கொழுந்து கிள்ளியவருக்கு 450 நாள் கூலி வர வேண்டும். அது வராமல் லயத்தைக் காலி செய்தால், கேட்கும் பிடியும் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே கூரை ஒழுகினாலும் அடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். கீழே பிள்ளைகள் கூலிவேலைக்குப் போய் வீட்டை ஓட்டுகிறார்கள்.

டெக்னோபார்க் ஊழியரை நிறுத்தச் சம்பளத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. போனக்காட்டில் பாக்கியைக் கூட்டினால் போதும். செலவு நோக்கில் பின்னதே சிக்கனமானது.

மறுப்பும் விளக்கமும்

போனக்காட்டின் பழைய பங்களாவில் பேய் இருப்பதாகச் சொல்லி, வீடியோ எடுக்க ஆட்கள் மலையேறுகிறார்கள். சம்பளமின்றி அதுவும் போகாமல் இருக்கிறதே என்று மறுப்பாளர் கேட்கலாம். அதற்குக் கிராஜுவிட்டி பாக்கி இருப்பதாக ஆவணம் இல்லை. எனவே அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

முடிவுரை

கையில் எதிர்ச்சலுகைக் கடிதம் உள்ளவர்கள், கூட்டித் தருவதாகச் சொன்ன தொகையை அப்புறம் பாருங்கள். வரவேண்டிய பாக்கியை முதலில் எண்ணுங்கள். இத்துறையில் மேலும் ஆய்வு தேவை என்று முடிப்பது மரபு. போனக்காட்டுக்கு ஆய்வு தேவையில்லை, கணக்கை முடித்துப் பணத்தைக் கொடுத்தால் போதும்.