தெருநடு வரப்பியல்: லண்டன் மண்தெருவும் டிராக்டர் பிளேடும்

லண்டனில் மண்தெருவா என்று சிரிப்பவர் வாயை முதலில் அடைத்துவிடுவோம். கவுன்சில் ஏற்காமல் விட்ட தனியார் தெருக்கள் புறநகர்களில் இன்றும் உண்டு. அவற்றைப் பராமரிப்பது கவுன்சிலின் கடமையன்று. 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 205 முதல் 218 வரையான பிரிவுகளின்படி அது வந்து தெருவைப் போட்டாலும், செலவு அங்கே வாசல் வைத்திருப்பவர் தலையில்தான். ஆகவே தெருவாசி குழியில் ஒரு வாளி சல்லியைக் கொட்டி, மிதித்துவிட்டு உள்ளே போகிறார். அடுத்த மழையில் சல்லி பக்கத்து வீட்டுக்குக் குடிபோகிறது. இதற்கு நூற்பா:

குழியை அடைத்தல் பரிகாரம் அன்றே
வழியை நீர்க்கு வகுத்தலே முறையென
மொழிப சேற்றில் மூழ்கியெழுந் தோரே.

இதன் பொருள்: 'வழியை வகுத்தல்' என்றது தெரு நடுவை உயர்த்தி, ஓரங்களில் வாய்க்கால் கீறுதல். என்னையெனின், லண்டன் களிமண் நீரை எளிதில் குடிக்காது ஆகலான். முப்பதடிச் சாலைக்கு நடுவில் மூன்று அங்குல உயரம் போதும் என்றார் நம்மூர் கப்பி ரோட்டின் மூதாதையான ஜான் மெக்காடம். வெறும் மண்தெருவுக்கு அது போதாது. அடிக்கு அரை அங்குலச் சரிவாவது வேண்டும்.

கருவி, டிராக்டரின் பின்னால் மூன்று புள்ளிகளில் மாட்டும் இரும்பு பிளேடு. இந்த மாட்டல் முறையை நிலைநாட்டியவர் ஹாரி பெர்குசன். சென்னை டாஃபே டிராக்டரால் அவர் பெயர் நம் வயல்களுக்கும் பழக்கம். 1933 முதல் 1964 வரை ஃபோர்ட்சன் டிராக்டர்கள் பிறந்த டாகன்ஹாம் இன்று லண்டனுக்குள்தான் இருக்கிறது. லண்டன்வாசி கையிலோ வாளி!

பிளேடைக் கோணலாகத் திருப்பி, ஒரு முனையைத் தாழ்த்தி, ஓரத்தில் தொடங்க வேண்டும். கீறிய மண் பிளேடின் முகத்தில் சுருண்டு நகர்ந்து, மறுமுனையில் நடுத்தெருப் பக்கமாக நீள வரிசையாய் விழும். அவசரம் ஆகாது. முன்சக்கரம் குழியில் இறங்கினால் பின்னால் பிளேடு எழும். சக்கரம் மேட்டில் ஏறினால் பிளேடு மண்ணைக் கடிக்கும். வேகமாக ஓட்டியவர் ஒரு குழியைப் பல அலைகளாகப் பிரித்துத் தெரு முழுக்க விநியோகித்தவர் ஆவார்.

இனி பூர்வபட்சம். பத்திரத்தில் தெளிவில்லாத தெருவில், எதிரெதிர் வீட்டார் இருவருக்கும் நடுக்கோடு வரை சொந்தம் என்பது ஆங்கிலச் சட்டத்தின் ஊகம். பிளேடு எழுப்பும் மேடும் சரியாக அதே கோட்டில்தான் நிற்கிறது. கடல் கடந்து வந்தும் நாம் கட்டுவது வரப்பே. வரப்பு என்றால் தகராறு இல்லாமலா? என் ஓரத்துச் சல்லி அரையடி தாண்டி எதிர்வீட்டுக்காரர் பாதியில் படிந்தால் அது தானமா, ஆக்கிரமிப்பா?

கடன் என்பது நம் சித்தாந்தம். மழை வந்து மேட்டைக் கரைத்து, இரு பக்கத்துக்கும் திருப்பிக் கொடுத்துவிடும். வட்டி கேட்பாரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கடைசி இழுப்பில் மிஞ்சும் குவியலை, செலவில் பங்கு தராதவர் வாசலில் விட்டுவரலாமா என்பதில் உரையாசிரியர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். விடலாம் என்பாரே தொகையில் மிகுதி.