காது மாமா

காது மாமா வீட்டில் காப்பி கேட்காமலே வரும். குடிப்பதுதான் கஷ்டம். டம்ளரை டபராவில் வைத்தால் ‘ணங்’ என்று சத்தம் வரும், அது ஆகாது. உறிஞ்சவும் கூடாது. பாட்டு முடிந்து, “இப்ப சொல்லுங்கோ, வித்தியாசம் தெரியறதா?” என்று அவர் கேட்டு, நாம் “ஆமாம்” என்று தலையாட்டிய பிறகுதான் டம்ளரைத் தொடலாம். அதற்குள் காப்பியில் ஆடை படிந்திருக்கும்.

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிப்பித்துப் பிடித்த இந்த இனம் பெரும்பாலும் அப்படித்தான்: பென்ஷன் உண்டு, பிள்ளை வெளிநாட்டில், கூடம் காலி. பிள்ளை ஊருக்கு வரும்போது பெட்டியில் அம்மாவுக்குப் பாதாம், அப்பாவுக்கு ஒயர். சாவகாசமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம் என்று ஆரம்பித்திருப்பார்கள். ஒரு கட்டத்தில் தன் காது மட்டும் போதாமல், சாட்சிக்கு இன்னொரு ஜோடிக் காது தேவைப்படும். அங்கேதான் நாம் மாட்டுகிறோம். மேற்கு மாம்பலத்தில் மாடிப்படி ஏறும் யாருமே அவருக்குச் சாட்சிதான். மீட்டர் பார்க்க வந்த மின்வாரியக்காரர்கூட ஒரு தோடி கேட்டுவிட்டுத்தான் போனார்.

இப்போதைய மோகம் ஒரு கறுப்புப் பெட்டி. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. பெயர் டாக். எண்களாக வருவதை ஒலியாக மாற்றித் தருவது அதன் வேலை. சி.டி.யில் ஒரு விநாடிப் பாட்டு, பக்கத்துக்கு 44,100 எண்களாகப் பதிந்திருக்கிறது. அவற்றை மறுபடி மின்னலையாக்க ப்ளேயருக்குள்ளேயே ஒரு சிப் இருக்கத்தான் செய்கிறது. அதை நம்பக்கூடாது என்பது மாமாவின் கட்சி. “டி.வி.டி. ப்ளேயர் தட்டைச் சுத்தினா போதும் சார். தபால்காரனுக்கு லெட்டர் படிக்கற வேலை எதுக்கு?”

அவரிடம் இருப்பது ஒரு காலத்தில் தீபாவளித் தள்ளுபடியில் எல்லார் வீட்டுக்கும் வந்த சாதாரண டி.வி.டி. ப்ளேயர். அதன் முதுகில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகளோடு ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருக்கும். நம் ஊரில் அதில் யாரும் எதையும் சொருகிப் பார்த்ததில்லை. எண்கள் வெளியே வரும் வாசல் அதுதான். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறை, 75 ஓம் ஒயர் வேண்டும். மாமா அதற்கென்று பாம்பு கனத்தில் ஒன்று வரவழைத்தார். என்ன விலை என்று மாமிக்குத் தெரியாது. ப்ளேயரோடு இலவசமாக வந்த மஞ்சள் வீடியோ ஒயரும் 75 ஓம்தான், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. மாமி காதில் விழுந்துவிடும்.

புது ஒயர் ஊற வேண்டுமாம். டாக்கிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் சிவப்பு, வெள்ளை ஒயர்கள் 200 மணி நேரம் பாட்டில் ஊறினால்தான் கமகம் வழுக்காமல் வருமாம். அதனால் ராத்திரி முழுக்க, கேட்க ஆளில்லாத கூடத்தில், யாரோ மெல்லிய குரலில் காம்போஜி பாடிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் குடிக்க எழுந்த மாமி இரண்டு தடவை அலறியிருக்கிறார்.

பெட்டி வந்த முதல் நாள் சினிமாத் தட்டு ஒன்றைப் போட்டார். ஸ்பீக்கர் இரண்டிலும் ‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீறல். கேஸ் கசிகிறது என்று கீழ்வீட்டுக்காரர் மாடியேறி ஓடிவந்தார். சினிமாத் தட்டில் ஒலியை டால்பி என்று ஆறு தடங்களாக மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்டீரியோ டாக்குக்கு அந்த மூட்டையை அவிழ்க்கத் தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் பி.சி.எம். என்கிற அவிழ்த்த சரக்கு, அதுவும் இரண்டே தடம். ப்ளேயர் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ என்பதிலிருந்து ‘பி.சி.எம்.’ என்று மாற்றிவிட்டால், ப்ளேயரே அவிழ்த்து, ஆறை இரண்டாகக் கலந்து அனுப்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க மாமாவுக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு லிஃப்டில் பார்த்தால் “சௌக்கியமா?” போய், “பி.சி.எம். போட்டாச்சா?” வந்துவிட்டது. என் வீட்டில் ப்ளேயரே கிடையாது. இருந்தாலும் போட்டாச்சு என்பேன்.

விநாடிக்கு எத்தனை ஆயிரம் எண் வருகிறது என்று காட்ட, பெட்டியின் முகத்தில் சின்னச் சின்ன விளக்குகள். 44 எரிந்தால் சி.டி., 48 எரிந்தால் டி.வி.டி. 96 எரிந்தால் அன்று வீட்டில் பாயசம். ஆனால் 96 சுலபத்தில் எரியாது. தட்டில் 96 இருந்தாலும், காப்புரிமைப் பூட்டுப் போட்ட தட்டென்றால் அந்த ஆரஞ்சு வாசலில் 48 ஆகக் குறைத்துத்தான் விடுவார்கள். “காசு கொடுத்து வாங்கினவனுக்கே அரைப்படி அளக்கறான் சார்!” என்று கொதிப்பார். 96 எரிந்தால்தான் என்ன? அதில் ஏறக்குறைய 48,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி அடங்கும். அறுபதைத் தாண்டிய காதுக்கு அதில் கால்வாசி எட்டினாலே பெரிசு. மிச்சத்தை வேப்பமரத்து வௌவால்தான் கேட்டு அனுபவிக்க வேண்டும். மாமாவின் பென்ஷன் அங்கேதான் போகிறது.

சிப்புகளின் கோத்திரம், சூத்திரம் எல்லாம் மாமாவுக்குத் தெரியும். பிலிப்ஸ் ஒரு காலத்தில் டி.டி.ஏ. 1541ஏ என்ற சிப்பைச் சோதித்து, தேறியவற்றின் தலையில் கிரீடம் அச்சிட்டு விற்றது. அதிலும் இரட்டைக் கிரீடம் என்றால் ராஜவம்சம். அதன் படம் ஒன்றை மாமா செல்ஃபோனில் வைத்திருக்கிறார், பேரன் படத்துக்கு அடுத்ததாக. 2020 அக்டோபரில், ஊரே முகக்கவசத்தோடு முடங்கிக் கிடந்தபோது, ஜப்பானில் நொபெயோகாவில் இருந்த ஏ.கே.எம். சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது. உலகம் முழுக்க டாக் செய்பவர்கள் சிப் கிடைக்காமல் திண்டாடினார்கள். மாமா அன்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் துக்கம் சொன்ன குரலைக் கேட்டு, சம்பந்தி வீட்டில்தான் ஏதோ என்று நானே செருப்பை மாட்டிவிட்டேன்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு என்றால், அவருக்கு உயிர் மதுரை மணி ஐயர். அந்தக் காலத்து மோனோ ஒலிநாடா. இரண்டு ஸ்பீக்கரிலும் வருவது ஒரே ஒலி. பக்கம், திசை எதுவும் கிடையாது. நடுவில் சபையில் யாரோ இருமுவார். “எந்த வரிசை, சொல்லுங்கோ?” என்பார் மாமா. நான் மூன்றாவது என்றேன். “நாலாவது. ஓரத்து நாற்காலி” என்று திருத்தினார்.

போன மாதம் ஒரு கச்சேரி டி.வி.டி. வாங்கினார். படத்தோடு வாங்கியதை டி.வி.யை அணைத்துவிட்டுத்தான் கேட்பார். எல்.சி.டி. டி.வி. படத்தைச் செப்பனிட்டுக் காட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது, டாக் வழியே வரும் ஒலியோ காத்திருப்பதில்லை. பாடகர் வாய் திறக்குமுன் ஸ்வரம் வந்துவிடும். அதைப் பார்த்தால் தலை சுற்றுகிறதாம். தட்டின் மெனுவைக் குருட்டுப் பாடமாக வைத்திருக்கிறார்: கீழே இரண்டு, வலது ஒன்று, ஓகே. அப்படி இருட்டுத் திரை முன் உட்கார வைத்து, மேடை விரிந்திருக்கிறது, பக்கவாத்தியங்கள் அததன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று வந்தவர்களிடமெல்லாம் ஒப்புதல் வாங்கினார். நானும் கொடுத்தேன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அன்று சீரியல் நேரம் என்று மாமி வந்து டி.வி.யைப் போட்டார். திரையில் கச்சேரி. மாமி ரிமோட்டோடு நின்று இரண்டு நிமிஷம் பார்த்தார். வருஷம் தவறாமல் மார்கழியில் கேன்டீன் டோக்கனோடு சபா சபாவாக ஏறி இறங்குகிறவர்.

“ஏன்னா, மிருதங்கக்காரர் இடது பக்கம்னா உட்கார்ந்திருக்கார். சத்தம் வலது பக்கத்துலேர்ந்து வர்றதே?”

மாமா கண்ணைத் திறக்கவில்லை. “இடக்கைக்காரரா இருப்பார். பழனி சுப்பிரமணிய பிள்ளை அந்தப் பக்கந்தானே உட்காருவார்?”

“இவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து, வலந்தலையை நம்மளப் பார்த்துத்தான் வாசிக்கறார். பாருங்கோ.”

பார்த்தார். வயலின் வில் வலது ஓரத்தில் போய்வந்தது, நாதம் இடது ஓரத்தில் எழுந்தது. நான் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை, வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு.

“ஒயர் மாறியிருக்கு மாமா. கழட்டிச் சொருகினா ஆச்சு, அரை நிமிஷ வேலை” என்று கையை நீட்டினேன்.

“தொடாதீங்கோ!” என்றார். “ஊறிண்டிருக்கு. நூத்தி அறுபது மணி நேரம் ஆயிடுத்து. இப்பப் பிடுங்கினா மறுபடி முதல்லேர்ந்து.”

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்புயரம் நின்ற இடப்பக்கத்து ஸ்பீக்கரைக் கட்டிப் பிடித்தார்.

“இதை அங்கே கொண்டுபோயிடுவோம், அதை இங்கே. நீங்க அடியில பிடிங்கோ சார், மெதுவா. இந்தாடி, அந்த டம்ளரைக் கொஞ்சம் ஓரமா எடு.”