இடைத்தேர்தல் இலக்கணம்

சட்டமன்றத் தொகுதி ஒன்று காலியானால், எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறையாதவரை, ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். அமைச்சர்கள் தெருத்தெருவாக வந்து டீ ஆற்றி, பரோட்டா வீசி, பாட்டிமாரின் மூட்டுவலி விசாரிக்கும் பருவம் என்பது தமிழ்நாட்டு வாக்காளர் அறிந்த பொருள்.

இதில் வாக்களிக்க விழைவோர், புதியவராயின் படிவம் 6-ஐயும், வேறு தொகுதியிலிருந்து குடிபெயர்ந்தவராயின் படிவம் 8-ஐயும் முன்னரே அளித்திருக்க வேண்டும்; ஏனெனில் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் பட்டியலில் ஒரு பெயரும் ஏறாது, இறங்காது. தாத்தா காலமாகியும் பட்டியலில் நீடிப்பதும், அவருக்குக் கொள்ளி வைத்த பேரன் அதில் இல்லாதிருப்பதும் அந்நாளோடு உறைந்துவிடும்.

2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலால் ‘திருமங்கலம் ஃபார்முலா’, அதாவது வாக்குக்குப் பணம் பகிரும் முறை, கலைச்சொல்லாயிற்று. 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடாப் புகாரால் ஆணையம் ரத்து செய்த ஆர்.கே. நகர்த் தேர்தல் டிசம்பரில் நடந்ததால், அத்தொகுதியினர்க்கு ஒரே ஆண்டில் இருமுறை கும்பிடு பெறும் பேறு வாய்த்தது.

வாக்குச்சாவடிக்குப் பூத் சிலிப் மட்டும் போதாது. வாக்காளர் அட்டையோ ஆணையம் ஏற்கும் பிற ஆவணமோ தேவை. பொத்தானை அழுத்தியதும், தேர்ந்த சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிச் சாளரத்தில் ஏழு நொடிகள் தோன்றிப் பெட்டிக்குள் விழும். வென்றவர் தொகுதியில் தோன்றும் கால அளவுக்கு இத்தகைய விதி எதுவும் வகுக்கப்படவில்லை.