இடப்பக்கப் பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்பது வருஷத்துக்கு மேலாக இரண்டு தேக்குப் பெட்டிகள் நிற்கின்றன. பெட்டி மயிலாப்பூர் ஆசாரி ஒருவர் இழைத்தது. உள்ளே இருப்பவை 1979இல் மாமா லண்டனிலிருந்து கம்பளிச் சட்டைகளில் சுற்றிக் கொண்டுவந்தவை: கெஃப் கம்பெனியின் பி200 வூஃபர் ஒரு ஜோடி, டி27 ட்வீட்டர் ஒரு ஜோடி. வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்துகொள்பவர்களுக்காக கெஃப் தன் யூனிட்டுகளைத் தனியாகவும் விற்றுவந்தது. சத்தத்தைப் பிரித்து, கீழ்ப்பகுதியை வூஃபருக்கும் மேல்பகுதியை ட்வீட்டருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவரை மாமாவே எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சால்டர் வைத்து முடித்தார். அந்தப் புகை வாசனை இப்போதும் எனக்கு விடுமுறை வாசனை.

டி27 பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கறுப்புத் தட்டு, அதன் நடுவில் 19 மில்லிமீட்டர் அகலத்தில் மெலினெக்ஸ் என்ற பாலியெஸ்டர் ஃபிலிமில் ஒரு சின்னக் குமிழ். விரல் பட்டால் உள்ளே அமுங்கிவிடும். செலோடேப்பை மெல்ல ஒட்டி வெளியே இழுக்க வேண்டும். தம்பி அமுக்க, அப்பா இழுக்க, எத்தனையோ தடவை நடந்தது. ஆனால் தம்புராவின் மேலே மினுமினுக்கும் அந்தச் சுநாதம், ஜால்ராவின் கணகணப்பு, பாடகர் ‘ச’ சொல்லும்போது பல்லிடுக்கில் கசியும் காற்று எல்லாம் அந்தக் குமிழிலிருந்துதான் வந்தன. அது நின்றுபோனால் பாட்டு நிற்காது. பாட்டின் மேல் ஒரு போர்வை விழுந்துவிடும்.

1986 ஆவணியில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம், மொட்டைமாடியில் பந்தல். பெட்டிகளை மாடிக்குத் தூக்கியது நானும் தம்பியும். கடைசிப் படியில் தம்பியின் கை நழுவி இடப்பக்கப் பெட்டி டங்கென்று இறங்கியது. தேக்கில் கீறல் விழுந்ததா என்று மட்டும் தடவிப் பார்த்தோம். சாயங்காலம் சித்தப்பா வந்தார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் சத்தமாக இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைக் கடைசிவரை திருகினார். நாதஸ்வர கேசட் தெருமுனைவரை கேட்டது. மறுநாள் கூடத்தில் வைத்துப் போட்டபோது இடப்பக்கம் மங்கியிருந்தது. காதை வைத்துக் கேட்டால் ட்வீட்டரில் மூச்சே இல்லை.

சித்தப்பாதான் எரித்துவிட்டார் என்று அப்போதே முடிவாகிவிட்டது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. எங்களுடையது சானலுக்கு 20 வாட் ஆம்ப். சின்ன ஆம்பை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். வெட்டுப்பட்ட அலையில் புதிதாக உயர் அதிர்வெண்கள் முளைக்கும். அவ்வளவும் ட்வீட்டருக்குத்தான் போகும். தலைமுடி போன்ற அதன் வாய்ஸ் காயில் சூட்டைத் தாங்காமல் அறுந்துவிடும். பெரிய ஆம்ப்தான் ஸ்பீக்கரைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சுத் திணறும் சின்ன ஆம்ப் கொன்ற ட்வீட்டர்களும் நிறைய உண்டு. ஆகவே கதை கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திய கதையை யார் சோதிப்பார்கள்?

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. லண்டனுக்குக் கடிதம் எழுதி, மாமா வாங்கி அனுப்பி, கஸ்டம்ஸைத் தாண்டி வருவதற்குள் அக்காவுக்குத் தலைதீபாவளியே வந்துவிடும். அப்பா ரிச்சி தெருவிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். அவர் காதை வைத்தார். “ட்வீட்டர் போயிடுச்சு சார்” என்றார். நான்கு ஸ்குரூவைக் கழற்றினார். பீஸோ ட்வீட்டர் ஒன்றை எடுத்தார். அதன் சதுர முகம் டி27 இருந்த வட்ட ஓட்டையை மூடவில்லை. பிளைவுட் துண்டு ஒன்றை வெட்டி அதில் பொருத்தினார். பீஸோ தானே ஒரு கெபாசிட்டரைப்போல நடந்துகொள்ளும், கிராஸ்ஓவர் இல்லாமலும் ஓடும். அதனால் ஒயரைப் பெட்டியின் பின்பக்க டெர்மினலிலிருந்தே நேராக இழுத்துவிட்டார். கிராஸ்ஓவரிலிருந்து வந்த பழைய ஒயர் இரண்டுக்கும் டேப் சுற்றி உள்ளே தள்ளினார். அரை மணி நேர வேலை. சத்தம் வந்தது. புதுசு, சத்தமும் அதிகம், வேறென்ன வேண்டும் என்று பதினேழு வயதில் நான் கைதட்டினேன்.

கழற்றிய டி27ஐத் தம்பி சுத்தியலால் உடைத்துக் காந்தத்தை எடுத்துக்கொண்டான். உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள கறுப்பு வளையம். பக்கத்துக் கட்டடத்து மணலில் புரட்டினால் இரும்புத்தூள் மீசை மீசையாக ஒட்டிக்கொண்டு வரும். பிறகு அது அம்மாவின் தையல் மெஷின் டிராயருக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே விழுந்த ஊசியை அம்மா அதை வைத்துத்தான் தேடி எடுப்பார்.

அப்பா அதற்குப் பிறகு நாற்காலியை வலப்பக்கப் பெட்டியின் எதிரே போட்டுக்கொண்டார். இடப்பக்கம் ஒவ்வொரு ‘ச’வும் சீறியது, ஜால்ரா தகரமாகக் கேட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எம்.டி. ராமநாதனை அதிகம் போட ஆரம்பித்தார். அந்தக் கீழ்ஸ்தாயிக் குரலுக்கு ட்வீட்டரின் தயவு அவ்வளவாக வேண்டியதில்லை.

2023இல், அப்பா போய் இரண்டு வருஷம் கழித்து, இடப்பக்கத்தைச் சரிசெய்துவிடுவது என்று உட்கார்ந்தேன். முதலில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். வலப்பக்க ட்வீட்டரைக் கழற்றிப் பின்னால் பார்த்தேன். காந்தத்தின் முதுகில் லேபிள்: டி27, எஸ்பி1032. ஒவ்வொரு யூனிட்டுக்கும் இப்படி எஸ்பி எண் போட்டது கெஃபின் நல்ல பழக்கம். கம்பெனியைத் தொடங்கிய ரேமண்ட் குக் பிபிசியில் வேலை பார்த்த எஞ்சினியர். 1961இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டனில், கென்ட் எஞ்சினியரிங் அண்ட் ஃபவுண்டரி என்ற பழைய வார்ப்பாலை இருந்த இடத்தில் தொடங்கியதால் அதன் முதலெழுத்துகளே பெயராயின. பிபிசி எழுபதுகளில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன மானிட்டர் ஸ்பீக்கரிலும் இதே டி27தான். அந்த மானிட்டரை வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இதைத் தேடுவதால் இன்று நல்ல பழைய டி27 லேசில் கிடைப்பதில்லை.

வேறு ட்வீட்டர் போட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்டார்கள். போடலாம், ஆனால் அளவு ஒத்துப்போவது மட்டும் போதாது. மாமாவின் கிராஸ்ஓவர் 8 ஓம் ட்வீட்டருக்காகக் கட்டியது. வெறும் கெபாசிட்டர் ஒன்றை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 ஓமுக்கு 6 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 3,300 ஹெர்ட்ஸில் ட்வீட்டர் வேலையைத் தொடங்கும். அதே இடத்தில் 4 ஓம் ட்வீட்டரை வைத்தால் அந்த எல்லை 6,600க்கு ஏறிவிடும். நடுவில் ஒரு பள்ளம் விழும், குரலின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. புதுசு சத்தம் கூடுதலாகக் கொடுத்தால் ரெசிஸ்டர் வைத்து அடக்க வேண்டும். அதன் இயல்பான ஒத்ததிர்வு கிராஸ்ஓவர் எல்லைக்கு அருகில் வந்தால் வறட்டுத்தனம் வரும். இவ்வளவையும் ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதைவிட அதையே தேடுவது மேல்.

மூன்று மாதம் தேடினேன். இங்கிலாந்தில் ஒருவர், பழையது, நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருந்தார். பன்னிரண்டு நாளில் வந்து சேர்ந்தது. பீஸோவையும் பிளைவுட்டையும் கழற்றினேன். 37 வருஷத்து டேப் கையில் பிசினாக ஒட்டியது. பழைய ஒயர்களைச் சுரண்டிப் புது டி27இல் இணைத்தேன். நான்கு துளையும் அதனதன் இடத்தில் பொருந்தின. பாட்டைப் போட்டேன்.

மூச்சே இல்லை.

ஏமாற்றிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபமாக ஒரு கடிதமும் எழுதத் தொடங்கினேன். அனுப்புமுன் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. அப்பாவின் முள் மீட்டர்; 1986லும் அதே அலமாரியில்தான் இருந்தது. ட்வீட்டரின் இரு முனையில் வைத்ததும் ‘டிக்’ என்று மெல்லிய ஒலி, முள் 6க்குப் பக்கத்தில் நின்றது. 8 ஓம் ட்வீட்டர் மீட்டரில் அந்த அளவுதான் காட்டும். உயிரோடுதான் இருந்தது. வலப்பக்கப் பெட்டியின் ஒயரில் கொடுத்தேன், பாடியது. இடப்பக்கத்தில் கொடுத்தேன், ஊமை.

கிராஸ்ஓவர் பலகையை வெளியே எடுத்தேன். கெபாசிட்டரின் ஒரு காலைச் சுற்றி, சால்டரில், முடி கனத்தில் ஒரு வட்ட விரிசல். விரலால் தொட்டால் கால் ஆடியது. மாமா வைத்த நூறு சால்டரில் ஒன்று சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கிறது. இடி விழக் காத்திருந்த இணைப்பு. கடைசிப் படியில் டங்கென்று இறங்கியபோது அது விட்டிருக்கிறது.

மெக்கானிக் கிராஸ்ஓவரைத் தாண்டி ஒயர் இழுத்ததால் பீஸோ பாடியது, பழுது உள்ளேயே பத்திரமாக இருந்தது. அன்றைக்கு இரண்டு ட்வீட்டரையும் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். சால்டர் அயர்னை வைத்து ஒரு சொட்டு விட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இடப்பக்கத்திலிருந்து தம்புரா எழுந்து வந்தது.

அம்மாவின் டிராயரைத் திறந்தேன். காந்தம் இருந்தது, பாபின்களுக்கு நடுவே, முதுகில் பாதி லேபிளோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு தம்பிக்கு ஃபோன் செய்தேன். வெகுநேரம் அவன் பேசவில்லை. “சித்தப்பாகிட்ட சொல்லணும்டா” என்றான்.

37 வருஷமாக எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கு மைக் செட் வந்தாலும் யாராவது ஒருவர் “சித்தப்பா கையில குடுத்துடாதீங்க” என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நானும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை வரச் சொன்னேன். எழுபத்தைந்து வயது, கைத்தடி. விரிசல் விட்ட சால்டரை ஃபோனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன், காந்தத்தையும் காட்டினேன், படிக்கட்டுக் கதையைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்பாவின் நாற்காலியை இரண்டு பெட்டிக்கும் நடுவே இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, ஆம்ப்ளிஃபயரை எட்டும் தூரத்தில் நகர்த்தினேன்.

“நீங்களே சவுண்ட் வைங்க சித்தப்பா.”

கையை நீட்டினார். பட்டனுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டார்.

“நீயே வைப்பா” என்றார்.