பூவாளிப் புலமை

சென்னை அடுக்ககங்களின் பால்கனித் தோட்டங்களில் மாலைதோறும் நிகழும் நீர்வார்ப்பு, செடியின் தேவையைவிட வார்ப்பவரின் மனநிறைவையே அளவாகக் கொண்டது என்பது, கீழ்வீட்டில் சென்ற வாரம் காயப்போட்ட வடாம் மீண்டும் கூழாகிவிட்ட நிலையில், ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. அவ்வடாம் இவ்வாய்வாளர் வீட்டினது ஆகையால் ஆய்வு நடுநிலையானது எனக் கோர இயலாது. 

பூவாளியை ஒரு கையிலும் கைப்பேசியை மறுகையிலும் ஏந்தியவர், மேல்மண் கறுத்த உடனே அடுத்த தொட்டிக்கு நகர்கிறார். அவ்வாறு கறுக்க நீர் ஒரு விரற்கடை இறங்கினாலே போதும் என்பதும், வேர் அதற்கு வெகு கீழே காய்ந்து கிடக்கிறது என்பதும், பேச்சு குடியிருப்போர் சங்கத் தேர்தலை எட்டிய நிலையில் பொருட்டல்ல. தேர்தல் பேச்சு நீண்டால் துளசி மூழ்கும். எதிர்முனை பட்டென்று வைத்துவிட்டால் கறிவேப்பிலை வாடும். மகன் அமெரிக்காவிலிருந்து அழைத்தால் மல்லிகைத் தொட்டி நிரம்பி, மூன்று தளங்களுக்குக் கீழே நிற்கும் ஸ்கூட்டர் இருக்கை வரை பாசனம் பெறும். சம்பந்தி வீட்டாரோடு பேச்சு நின்றுபோன மாதத்தில் செம்பருத்தி பட்டுப்போகும். ஆக, ஒரு பால்கனியின் செடிகளைக் கொண்டே அக்குடும்பத்தின் உறவுநிலையைக் கணிக்கலாம் எனினும், இத்துறைக்கு இன்னும் பல்கலைக்கழக இருக்கை எதுவும் அமையவில்லை.

மண்ணோ எவர் பேச்சையும் கேட்பதில்லை. திருவான்மியூர்ப் பக்கத்து மணல், மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் நீரை உள்வாங்கி அதே வேகத்தில் கைவிடுவதால், அங்கே சிறிது சிறிதாக அடிக்கடி வார்க்க வேண்டும். களிமண் மணிக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்கே ஏற்று நாட்கணக்கில் பிடித்துவைப்பதால், மெல்ல ஊற்றிவிட்டுப் பல நாள் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எவருக்கும் வருவதில்லை. தொட்டியில் நிரப்பும் மண்கலவை முற்றிலும் உலர்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுத்து ஓரமாக வழியவிட, அடித்துளையில் நீரைக் கண்டவர் செடி வயிறு நிறையக் குடித்ததாக மகிழ்கிறார்.

கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்த கடினநீர், அதாவது பெரும்பாலான போர் தண்ணீர், நாளடைவில் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால், இரும்புச்சத்து கிட்டாத இட்லிப்பூச் செடியின் தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாகின்றன. அதற்குப் பரிகாரமாகவும் சிக்கனமாகவும் ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் நீரை ஊற்றுவோர், இயந்திரம் நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது என்பதை ஏற்பதில்லை. அந்நீர் தரை துடைக்கவே தகுதியானது.